கருவேல மரத்தில் நாலு குடும்பத்துக்கு இடம்

ஒரு காட்டில் சிங்கம் ஆண்டது என்று பேர், ஆண்டதெல்லாம் சுற்றறிக்கைதான். அந்த வருஷத்து அறிக்கை, ஒவ்வொரு மரமும் வெளியிலிருந்து வரும் நாலு குடும்பத்துக்கு இடம் தர வேண்டும், தராத மரத்தின் சபை கலைக்கப்படும் என்றது.

குளக்கரைக் கருவேல மரத்துக்கு வடிவு என்ற தூக்கணாங்குருவி மனுவோடு வந்தாள். குடியிருந்த பனையை வெட்டிவிட்டார்கள். வயிற்றில் முட்டை, ரெண்டு நாளுக்கு மேல் தாங்காது. புருஷன் வாயில் கூட்டுக்கான நார் இருந்ததால் பேச்செல்லாம் அவளே பேச வேண்டியிருந்தது, பாவம்.

மரசபைத் தலைவி காத்தாயி, ஒரு காக்கை. அடைகாத்தபடியே மனுவை வாங்கிப் பார்த்தாள்.

"கூட்டுக்கு வாசல் எந்தப் பக்கம்மா?"

"கீழ்ப்பக்கம்ங்க. தொங்குற கூடு. எங்க வழக்கம் அது."

"இந்த மரத்துல வாசல் மேலதான் இருக்கணும். தொங்கவும் கூடாது. விதி."

"எப்போ போட்ட விதிங்க?"

"நீ வந்து உட்கார்ந்தியே, அப்போ."

வடிவுக்கு வயிறெரிந்தது. வாசல் விதியையும் சேர்த்து அரண்மனைக்கு எழுதிப் போட்டாள். கதை என்பதால் மறுநாளே அதிகாரி வந்துவிட்டார். கணக்கெடுக்கும் நாரை அவர்.

"வெளிக் குடும்பம் நாலு எங்கே? இல்லையென்றால் சபையைக் கலைத்துவிட்டு, கிளைகளை நாங்களே பிரித்துக் கொடுப்போம்" என்றார் நாரை.

தலைமை போனால் காத்தாயி வெறும் காக்கை. கூட்டை விட்டு எழுந்து நின்றாள். உள்ளே ஏழு முட்டை கிடந்தது.

"மூணுதான் என்னோடது. மிச்ச நாலும் நாலு குயில் போட்டுட்டுப் போனது. எனக்குத் தெரியாதுன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருக்காங்க."

நாரை குனிந்து எண்ணினார். "வாசல்?"

"மேலதான்."

"தொங்குகிறதா?"

"இல்லீங்க."

"இலக்கு பூர்த்தி" என்று எழுதி முத்திரை குத்திவிட்டு நாரை பறந்தார். இத்தனை வருஷமாகக் காத்தாயியை ஏமாளி என்று கேலி பேசிய மரம், அன்று சாயங்காலமே அவளுக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தது. அணில் வரவேற்புரை. மரத்தின் உரிமையைக் காத்த மாதரசி என்றெல்லாம் பேசினார்கள்.

வடிவு ஒரு மூச்சு அழுது தீர்த்தாள். அழுதால் முட்டை நிற்குமா? கூட்டம் முடிவதற்குள் காத்தாயியின் கூட்டுக்குப் போய் முட்டையை இட்டுவிட்டு, பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

கழுத்தில் மாலையோடு திரும்பிய காத்தாயி கூட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். எட்டு இருந்தது. வடிவை ஒரு பார்வை பார்த்தாள். ஏறி உட்கார்ந்து, சின்ன முட்டையை அலகால் உள்ளே தள்ளிக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் அஞ்சு கேட்டாலும் கேட்பானுங்க" என்றாள்.

நீதி: இடம் கேட்டு மனுக் கொடுத்தால் விதியைக் காட்டுவார்கள். ஆகவே மனுக் கொடுக்க வேண்டாம், முட்டையைக் கொடுக்கவும்.