கடலுக்குப் போன செக்‌ஷன் ஆபீசர்

"அப்பா, கடலுக்கு எந்த மெட்ரோ போகும்? ப்ளூ லைனா?"

இதைக் கேட்டபோது மேதாவுக்கு ஏழு வயது. தில்லி ஜனக்புரி வெஸ்ட் மெட்ரோ ஸ்டேஷன் சுவரில் இருந்த வரைபடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கேட்டாள். ஜோதிலிங்கம் சிரிக்கவில்லை. "அடுத்த வருஷம் அப்பா கூட்டிட்டுப் போறேன் கண்ணு" என்றார்.

மேதாவுக்கு இப்போது பதினான்கு வயது. அந்த அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை. ஜோதிலிங்கம் ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அவர் லீவு கேட்கும்போதெல்லாம் பார்லிமென்ட் கூடிவிடும். அது கூடாத மாதத்தில் ஆடிட் வரும். சொந்த ஊர் நாமக்கல்லுக்கு யாராவது இறந்தால்தான் போக முடிந்தது. அங்கே லாரி உண்டு, கடல் இல்லை. ஐம்பத்து மூன்று வயது வரை அவர் கடலை டீவியில் மட்டுமே பார்த்திருந்தார். நீச்சலும் தெரியாது.

அப்படிப்பட்டவருடைய மேஜைக்கு, பிப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் ஓர் ஆர்டர் வந்தது. டெஸ்பாட்ச் பிரிவில் கான்ட்ராக்டில் தபால் கொண்டுவரும் முத்துமாரி பதிவுப் புத்தகத்தை நீட்டினாள்.

"கையெழுத்து போடுங்க ஸார்."

போட்டுவிட்டுப் படித்தார். மத்திய அரசு ஊழியர்களுக்கான அலைச்சறுக்குப் போட்டி, சென்னைக்கு அருகே கோவளம் கடற்கரை, புதியவர்கள் பிரிவு, நான்கு நாள் டூட்டி. பங்கேற்பவர்: திரு. ஜோதிலிங்கம்.

"முத்துமாரி, இது என்னது?"

"ஆர்டர் ஸார்."

"அது தெரியுதும்மா. என் பேர் எப்படி வந்துச்சு? நம்ம செக்‌ஷன்ல யாரும் இல்லைன்னு நான் போன மாசமே நில் ரிப்போர்ட் அனுப்பிட்டேனே!"

"எனக்கு என்னா ஸார் தெரியும், நான் தபால் தூக்கறவ" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த மேஜைக்குப் போனாள்.

அரசாங்கத்தில் ஒன்றும் இல்லை என்றால் சும்மா இருந்துவிட முடியாது. ஒன்றும் இல்லை என்பதை எழுதி, கையெழுத்திட்டு, தேதிக்குள் அனுப்ப வேண்டும். ஜோதிலிங்கம் ஃபைலைத் திறந்து ஆபீஸ் காப்பியைப் பார்த்தார். நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் தம் பெயரை எழுதியிருந்தார், அறிக்கை அனுப்பும் அதிகாரி என்ற முறையில். மற்ற மூன்றிலும் 'நில்'. கட்டங்களின் தலைப்பை இப்போதுதான் நிதானமாகப் படித்தார். போட்டியாளர் பெயர். முன் அனுபவம். நோய்கள். ஆட்சேபணை.

இருபத்தொன்பது வருஷ சர்வீஸில் அவர் ஒரு மெமோகூட வாங்கியதில்லை. இப்போது அரசாங்கத்துக்குத் தவறான தகவல் தந்தவராகிவிட்டார். போனால் மூழ்கலாம். போகாவிட்டால் விளக்கம் கேட்பார்கள். இரண்டில் எது மோசம் என்று அவரால் உடனே சொல்ல முடியவில்லை.

போட்டியை நடத்தும் ஸ்போர்ட்ஸ் செல் பிரிவுக்கு ஃபோன் போட்டார். அங்கே ப்ரசன்னா என்ற தமிழ்ப் பையன் அசிஸ்டென்டாக இருந்தான்.

"தம்பி, என் பேரை எடுத்துடுங்க. எனக்கு சர்ஃபிங் தெரியாது."

"புதியவர்கள் பிரிவுதானே ஸார், தெரியாதவங்களுக்குத்தான் அது."

"எனக்கு நீச்சலே தெரியாதுப்பா."

"ஆர்டர் போட்டாச்சு ஸார். பேரை எடுக்கணும்னா உங்க ஜாயின்ட் செக்ரட்டரி அப்ரூவல் வேணும்."

ஜோதிலிங்கம் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு நோட் எழுதினார். 'தகுதிக் குறைவு காரணமாக விலக அனுமதிக்கலாம்' என்று முடித்தார். மாலையில் ஃபைல் வரவில்லை. அழைப்புதான் வந்தது.

ஜாயின்ட் செக்ரட்டரி நேகி ஹிமாசலக்காரர். நாற்காலியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"வாஹ், ஜோதிலிங்கம்ஜி! இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே! மதராஸி ரத்தத்துல சமுந்தர் ஓடுது, இல்லையா?"

"ஸர், எங்க ஊர்ல கடல் இல்லை ஸர். லாரிதான்."

"பாருங்க இவரோட அடக்கத்தை" என்று நேகி தம் பி.ஏ.விடம் சொன்னார். பி.ஏ. தலையாட்டினார்.

"ஸர், நோட்ல எழுதியிருக்கேன். தகுதிக் குறைவு..."

"படிச்சேன், படிச்சேன். பதில் எழுதிட்டேன்."

ஃபைல் திரும்பியது. பச்சை மையில் இரண்டு வரிகள் இருந்தன. 'இவர் அடக்கமானவர். இவரையே அணித் தலைவராகப் போடவும்.'

வீட்டில் பூங்கோதை சப்பாத்திக்கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "ஏனுங்க, அங்க போய் நீங்க என்ன பண்ணோணும்?"

"பலகை மேல நிக்கோணும்."

"எங்க?"

"கடல்ல."

"பரணை மேல ஏறி டிரங்குப் பெட்டி எடுக்கச் சொன்னா ஸ்டூலு ஆடுதுங்கறீங்க. கடல்ல நிப்பீங்களா?"

மேதா மட்டும் கட்டிலிலிருந்து குதித்து இறங்கினாள். "அப்பா, சச்சி? நிஜமாவா? நாமளும் வரலாமா? ப்ளீஸ் அப்பா!"

அந்த முகத்தைப் பார்த்து அவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. "ஜி.டி. எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் இருக்கான்னு பாப்போம்" என்றார். சொன்ன பிறகுதான், தாம் மூழ்குவதைப் பார்க்கக் குடும்பத்தையே கூட்டிப் போகிறோம் என்று உறைத்தது.

மறுநாள் அரசு டிஸ்பென்சரிக்குப் போனார். அன்ஃபிட் சர்டிஃபிகேட் கிடைத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. உண்மையாகவே இருந்த முட்டிவலியைச் சொன்னார்.

டாக்டர் மேடம் முட்டியை இரண்டு தட்டு தட்டினார். பி.பி. பார்த்தார்.

"இந்த வயசுல இந்த பி.பி.யா? எனக்கே இல்லை. முட்டிக்கு மணல்ல நடக்கறதும் கடல் தண்ணியும் ரொம்ப நல்லது. போயிட்டு வாங்க."

"மேடம், போகக்கூடாதுன்னு எழுதித் தரமாட்டீங்களா?"

"போகணும்னு வேணா எழுதித் தரேன்." எழுதியும் தந்தார்.

சனிக்கிழமை மலைமந்திர் முருகன் கோயிலுக்குப் போய், "முருகா, இதை எப்படியாவது கேன்சல் பண்ணிடு" என்று வேண்டிக்கொண்டார். எந்த மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது முருகனுக்குத் தெரியும்.

இனி கற்றுக்கொள்வதைத் தவிர வழியில்லை. தில்லியில் நீச்சல் குளத்தை ஏப்ரலில்தான் திறப்பார்கள். ஆகவே, வேப்பமரத்தடியில் துணி தேய்க்கும் பையாவிடம் அவருடைய பழைய பலகையைக் கேட்டு வாங்கினார். காற்றடைத்த இரண்டு ஸ்கூட்டர் ட்யூப்களைக் காலனிப் பூங்காவில் கிடத்தி, மேலே பலகையை வைத்து ஏறி நின்றார். பலகை இடப்பக்கம் போனது. அவர் வலப்பக்கம் போனார். அங்கே காலனி சங்கம் குடியரசு தினத்துக்கு வைத்த சாமந்திப் பாத்தி இருந்தது.

சங்கத் தலைவர் சப்ராஜி ஓடிவந்தார். திட்டப் போகிறார் என்று ஜோதிலிங்கம் கைகூப்பினார்.

"ஏக் பார் அவுர், இன்னொரு தடவை லிங்கம்ஜி! வீடியோ சரியா விழலை!"

அந்த வீடியோ காலனி வாட்ஸ்அப்பிலிருந்து அமைச்சக வாட்ஸ்அப்புக்குப் போனது. அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் கொடுமை. "என்ன ஈடுபாடு!" என்றார்கள். புறப்படும் நாளில் வாசலில் பூங்கொத்து கொடுத்தார்கள். நேகி அவர் தோளில் கைபோட்டு, "மெடலோட வாங்க" என்றார். முத்துமாரி கூட்டத்துக்குப் பின்னால் தபால் கட்டுடன் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கோவளத்துக் கடல் அவர் பயந்த மாதிரி இல்லை. காலை ஏழு மணிக்கு வெயில் இதமாக இருந்தது. ஒரு பக்கம் மீன்பிடிப் படகுகள் கிடந்தன. அலைகள் இடுப்பளவு உயரத்தில் வந்து, அவசரமில்லாமல் சரிந்து, நுரையாகிக் கரைக்கு வந்தன. மேதா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தபடியே நின்றாள். பிறகு, "அப்பா, இது நிக்கவே நிக்காதா?" என்று கேட்டாள்.

"லீவு கிடையாது போல" என்றார் ஜோதிலிங்கம்.

பயிற்சி தருபவன் மதியழகன், அந்தக் குப்பத்துப் பிள்ளை. அவனைத் தனியே அழைத்துப் போய் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"தம்பி, எனக்கு எதுவும் தெரியாது. ஒரு ஃபாரத்தைத் தப்பா நிரப்பி இங்க வந்துட்டேன்."

"தெரிஞ்சவங்க இந்த அலைக்கு வரமாட்டாங்க ஸார். இது பூனைக்குட்டி. மிஞ்சிப்போனா நக்கும். தண்ணி மார்பு வரைக்கும்தான், நானும் கூடவே நிப்பேன். பலகை மேல குப்புறப் படுங்க. நான் சொல்றப்ப கையை ஊனி எந்திரிங்க. கீழ மட்டும் பாக்காதீங்க. கரையைப் பாருங்க. எங்க பாக்கறீங்களோ அங்கதான் போவீங்க."

இருபத்தொன்பது வருஷமாகக் குனிந்து ஃபைல் பார்த்த கழுத்து அது. முதல் தடவை காலைப் பார்த்தார், விழுந்தார். இரண்டாவது தடவை பலகையைப் பார்த்தார், பலகையோடு விழுந்தார். மூன்றாவது தடவை எழுந்திருக்கும் முன்பே விழுந்தார். மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறியது. கரையில் பூங்கோதை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

மறுநாள் போட்டி. ஆளுக்கு இருபது நிமிஷம். மற்ற அணிக்காரர்கள் சிலர் கரை வரைக்கும் நின்றே வந்தார்கள். ஜோதிலிங்கம் ஆறு தடவை விழுந்தார். ஏழாவது அலை பின்னாலிருந்து பலகையைத் தூக்கியது. "இப்ப ஸார்!" என்றான் மதியழகன். "முருகா" என்று கையை ஊன்றினார். காலைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்க்கவில்லை. கரையில் மேதா நின்ற இடத்தைப் பார்த்தார்.

நின்றார். முட்டி மடங்கி, இரண்டு கையும் பக்கத்துக்கு ஒன்றாக நீட்டி, பஸ்ஸில் கம்பி கிடைக்காதவர் போல நின்றார். கீழே கடல் அவரைச் சுமந்துகொண்டு வழுக்கியது. "அப்பா!" என்று மேதா ஒரு தடவை கத்தி முடிக்கும் வரைக்கும் நின்றார். பிறகு விழுந்தார். எழுந்தபோது, மேதா முழு உடையோடு தண்ணீருக்குள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

ஏழு அணிகளில், அவர் ஒருவரே இருந்த அவர் அமைச்சகத்து அணி ஏழாவது. பங்கேற்றதற்கு ஒரு சான்றிதழ் தந்தார்கள்.

சாயங்காலம் மணலில் உட்கார்ந்திருந்தார். தாயும் மகளும் கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். ஏற்பாடுகளைக் கவனிக்க தில்லியிலிருந்து கூடவே வந்திருந்த ப்ரசன்னா சுண்டல் பொட்டலத்தோடு பக்கத்தில் வந்து அமர்ந்தான்.

"தம்பி, ஒரு பேப்பர் இருந்தா குடுங்க. தில்லி போனதும் நேகி ஸாஹப்கிட்ட விளக்கம் குடுக்கணும்."

"எதுக்கு ஸார்?"

"நடந்தது என் தப்பு. நில்லுன்னு அனுப்ப வேண்டிய ஃபாரத்துல என் பேரை எழுதிட்டேன். அதனால அரசாங்கத்துக்கு நாலு நாள் செலவு, அமைச்சகத்துக்குக் கடைசி இடம். மெமோ குடுத்தா வாங்கிக்கறேன். பொண்ணு கடலைப் பார்த்துட்டா, அது போதும். ஆனா அதுக்காகத் தப்பை மறைக்கக் கூடாது."

ப்ரசன்னா சுண்டலை மெல்வதை நிறுத்தினான்.

"எழுதாதீங்க ஸார். உங்க ஃபாரத்துல ஒரு தப்பும் இல்லை. நில் ரிப்போர்ட்ல எல்லா ஆபீசரும் அப்படித்தான் பேர் எழுதுவாங்க. நாங்களும் நில்லுன்னுதான் எடுத்துக்கிட்டோம்."

"அப்ப என் பேர்?"

"ஆள் வராத அமைச்சகத்துக்கு நாங்களே ஒருத்தரைப் போடலாம், ரூல் இருக்கு. உங்க பேரை ஒருத்தங்க வந்து கேட்டாங்க, போட்டேன். 'ஸார் வேண்டாம்பாரு, விட்டுடாதீங்க'ன்னும் சொல்லிட்டுப் போனாங்க. நேகி ஸாஹப் பி.ஏ. காதுல நான் போட்டேன், அவரு ஸாஹப்கிட்ட சொன்னாரு. டிஸ்பென்சரி டாக்டர்கிட்ட அவங்களே போய் நின்னாங்களாம்."

ஜோதிலிங்கத்துக்குப் பச்சை மை, முட்டித் தட்டல், பூங்கொத்து எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன.

"யாருப்பா அது?"

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு கற்பூரம் அடிச்சுச் சத்தியம் கேட்டாங்க ஸார். ஆனா நீங்க மெமோ வாங்கறேன்னு கிளம்பினா நான் என்ன செய்ய? உங்க டெஸ்பாட்ச் முத்துமாரி அக்காதான்."

"முத்துமாரியா? அவளுக்கு எதுக்கு இந்த வேலை?"

"நானும் அதையேதான் கேட்டேன் ஸார். 'என் பொண்ணை ஸ்கூல்ல சேக்க, கான்ட்ராக்டர் எனக்கு ஒருநாள் லீவு தரலை. ஸார்தான் அவருக்குக் கிடைச்ச லீவைப் போட்டு, விடிகாலையிலேருந்து வரிசையில நின்னு சேத்து விட்டாரு. அவரு கடலுக்குப் போக வச்சிருந்த லீவு அதுன்னு எனக்குப் பின்னாலதான் தெரிஞ்சுது'ன்னாங்க."