சாரனோடு ஓர் ஆலோசகர்

"பொண்ணுட வாப்பா பகல் முழுக்க வீட்டிலதானா எண்டு கேக்காங்களாம்," என்று ஹிதாயா தேநீரை மேசையில் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதித் தேநீர் கீபோர்டுக்குள் போயிருந்தது.

சாலிஹ் லெப்டொப்பைக் கவிழ்த்துப் பிடித்தார். "ஆர் கேக்காங்க?"

"மாப்பிள்ளட உம்மாதான். தரகர் கோல் எடுத்துச் சொன்னார். நம்மட மகள் சஹ்லாட சம்பந்தம் உங்கட சாரனால தடைப்பட்டு நிக்குது."

சாலிஹுக்குக் கணினியோடு முப்பத்தைந்து வருடம். கொழும்பில் புரோகிராமர், ரியாத்தில் அனலிஸ்ட், கட்டாரில் மெனேஜர். இப்போது காத்தான்குடியில், சொந்த வீட்டு அறையில், இடுப்பில் சாரனோடு, சுதந்திர ஆலோசகர். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தபோது உலகத்துக் கணினிகள் நின்றுபோகாததில் தனக்கும் பங்குண்டு என்பார். ஹிதாயா நம்பவில்லை. நின்றுபோயிருந்தால் நம்பியிருப்பாள்.

"நோர்வேக் கப்பல் கம்பனிக்கு வேலை செய்றார் எண்டு சொல்லன்."

"சொன்னன். கப்பல் எங்க எண்டு கேக்கார்."

அந்த ஊரில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவார். வேலைவெட்டி இல்லாத மாமனார் குந்தியிருக்கிற வீட்டுக்கு எவன் வருவான் என்பது ஹிதாயாவின் கவலை.

சாலிஹ் அன்றைக்கே வாசல் கேட்டில் பலகை மாட்டினார். எழுதியவன் 'கணினி' என்பதைச் சின்னதாகவும் 'ஆலோசகர்' என்பதைப் பெரிதாகவும் எழுதிவிட்டான். மறுநாள் காலையில் சண்டை பிடித்துக்கொண்டே ஒரு புருஷன் பெண்சாதி வந்தார்கள். சாலிஹ் ஒரு மணித்தியாலம் கேட்டார். பிறகு தொழில் பழக்கத்தில், "ரெண்டு பேரும் ஒருக்கா ஓஃப் ஆகி, பத்து நிமிஷம் பேசாம இருந்துபோட்டு, திரும்பத் தொடங்குங்க" என்றார்.

அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். அதுதான் வினை. அடுத்த நாள் பதினொரு சோடி வந்தது.

ஹிதாயா பலகையைக் கழற்றினாள். "நாளைக்கு எட்டு மணிக்குச் சேட்டு, சப்பாத்தெல்லாம் போட்டு வெளிக்கிடுங்க. பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் வரோணும்."

"எங்க போற?"

"அது உங்கட வேலை."

சாலிஹ் பையோடு வாவிக்கரைக்குப் போய் ஒரு மரத்தடியில் லெப்டொப்பைத் திறந்தார். அடுத்த மரத்தடியில், மடிப்புக் கலையாத சேட்டோடு ஓர் இளைஞனும் லெப்டொப்போடு இருந்தான். கண்கள் சந்தித்தன. இரண்டு பேரும் உடனே தண்ணீரைப் பார்த்தார்கள். இன்சூரன்ஸ் ஆளாக்கும் என்று சாலிஹ் நினைத்துக்கொண்டார்.

தோணியில் வந்த மீனவர் அருமைநாயகம் வலை வீசுவதை நிறுத்தினார். "ஐயா என்ன அளக்கிறீங்க?"

"ஒண்டும் அளக்கல்ல."

"போன முறை வந்தவங்களும் இப்படித்தான் சொன்னாங்க. பிறகு பாத்தா, தோணி விடுற துறைக்கு மேல றோட்டு."

மூன்றாம் நாள் பதினேழு மீனவர்கள், றோட்டு வேண்டாமென்று கையெழுத்திட்ட மகஜரோடு வந்தார்கள். இன்சூரன்ஸ் இளைஞன் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடினான். சாலிஹுக்கு ஓட வயதில்லை. 'கிடைக்கப்பெற்றேன்' என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தார்.

நாலாம் நாள் மச்சான் றுஸ்தியின் புடவைக் கடை மூலையில் தஞ்சமடைந்தார். கப்பல் கம்பனி நோர்வேக்காரியோடு வீடியோவில் பேசத் தொடங்கியதும் கடை நிறையப் பெண்கள்.

"மச்சான், கை சும்மாதானே? அந்த நீலத்த ஒருக்கா விரிச்சுக் காட்டுங்க!" என்றார் றுஸ்தி.

வாயால் கப்பலையும் கையால் சேலையையும் விரித்தார் சாலிஹ். முடிவில் நோர்வேக்காரி கப்பலை மறந்து, நீலத்தில் இரண்டு கேட்டாள்.

அவர் வீடு போய்ச் சேருமுன் செய்தி போயிருந்தது.

"கம்ப்யூட்டர் வேலை போய், சேலை விரிக்காராம் எண்டு ஊரெல்லாம் கதை!" ஹிதாயா தலையில் கைவைத்தாள். "வெள்ளிக்கிழமை மாப்பிள்ளட உம்மா நேரில வாறாவாம். சம்பந்தத்த முறிக்கத்தான்."

வெள்ளிக்கிழமை சாலிஹ் வீட்டுக்குள் டையும் சப்பாத்துமாக நின்றார். மாப்பிள்ளையின் உம்மா வந்தார். இனிப்புக்கு வைத்த வட்டிலப்பத்தில் ஒரு கரண்டி எடுத்தார்.

"கடைக் கதையெல்லாம் பொய் மச்சி," என்று ஹிதாயா முந்திக்கொண்டாள். "இவருக்குப் பெரிய வேலை. எட்டு மணிக்குப் போனா மஃரிபுக்குத்தான் வீடு."

உம்மாவின் கரண்டி நின்றது. "மெய்யாவா?"

"லீவு நாள்லயும் போவன்," என்று சாலிஹ் உதவிக்கு வந்தார்.

"பகல்ல ஒரு நேரமும் வீட்டில இருக்கமாட்டீங்களா?"

"சத்தியமா இல்ல!"

உம்மா வட்டிலப்பத்தைத் தள்ளிவைத்து எழும்பினார். "அப்ப சரிவராது மச்சி."

ஹிதாயா வாசலை மறித்து நின்றாள். "ஏன் மச்சி? இன்னும் என்ன வேணும்?"

"எங்கட இஷாமுக்கும் இந்தக் கம்ப்யூட்டர் வேலைதான். ஊர் வாய்க்குப் பயந்து மூணு வருஷமாச் சேட்டுப் போட்டு வாவிக்கரை மரத்தடிக்கு அனுப்புறன். சாரனோட மாமனார் குந்தியிருக்கிற வீடெண்டா என்ட புள்ளயும் நிம்மதியா வீட்டோட இருப்பான் எண்டுதானே நான் கேட்டனுப்பின!"