வாயைக் கட்டிய தவக்காலம்

விவேக் நகர், பெங்களூர்
மார்ச் 1997

சேசு மரி சூசை

மதிப்பிற்குரிய மச்சான் சின்னப்பா அவர்களுக்கு, உங்கள் தங்கை சரளாவின் கணவன் ஞானாதிக்கம் எழுதுவது. உங்கள் ஹெப்பகோடி வீட்டில் அனைவரும், அங்கே வந்திருக்கும் சரளாவும், சுகமாயிருக்கக் குழந்தை இயேசுவை மன்றாடுகிறேன். உங்களுக்கு எழுதுவதென்றால் எனக்கு எல்லாம் முன்பின் மாறிவிடும். அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. நான் பேசாமலிருந்தது கோபத்தால் அல்ல.
2. அது எங்கள் பங்குச் சாமியார் சொற்படி செய்த தவக்கால ஒறுத்தல்.
3. சரளா என்னைத் தவறாகப் புரிந்துகொண்டு புறப்பட்டுவிட்டாள்.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று பிரசங்கத்தில் சாமியார், எதையும் செய்ய நமக்கு உரிமையுண்டு, ஆனால் எல்லாம் நன்மை தராது என்று உங்கள் பெயருக்குரிய புனித சின்னப்பரே எழுதியிருக்கிறார், ஆகவே இந்தத் தவக்காலத்தில் வாயைக் கட்டுங்கள் என்றார். நானும் அன்றிலிருந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்க்குள் வைத்தே சோதித்தேன். 'மழை வரும் போலிருக்கிறது' என்பதில் நன்மையில்லை, வந்தால் தெரிந்துவிடும். 'குழம்பு நன்றாயிருக்கிறது' என்பதும் வேண்டாம், இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாலே விளங்கும். இப்படிச் சோதித்ததில் வெளியே விடத் தகுந்த வாக்கியம் ஒன்றும் தேறவில்லை. நோன்பை மறைவாக இருக்கும்படி வேதத்தில் சொல்லியிருப்பதால் சரளாவிடமும் காரணத்தைச் சொல்லவில்லை. அந்தச் சமயம் பார்த்து அவளுக்கு வலது கண்ணில் புரை எடுத்துக் கட்டுப் போட்டுவிட்டார்கள், இடது கண்ணிலோ ஏற்கெனவே புரை. "பக்கத்துல இருக்கீங்களா?" என்பாள், நான் தலையாட்டுவேன். "சாப்பிட்டீங்களா?" என்பாள், சிரிப்பேன். "கட்டுப் பிரிச்சா கண்ணு தெரியுமாங்க? பயமா இருக்கு" என்றாள் ஒரு நாள். தெரியும் என்று எனக்கே நிச்சயமில்லாததைச் சொல்வது நன்மையா என்று யோசித்து யோசித்து, கடைசியில் அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன். மாடியிலிருந்து வீட்டுக்காரர் மஞ்சுநாத் இறங்கி வந்தார். "ஏன் சார், அம்மா செவுரு கூட மாத்தாடிட்டு, தனியா பேசிட்டு இருக்காங்க. உங்க வாய்க்கும் ஆபரேஷன் ஆயிடுச்சா?" என்று கேட்டார். அவரைப் பார்த்தும் சிரித்தேன்.

அதன் பிறகு நீங்கள் ஆட்டோவோடு வந்ததும், "இது மனுஷனா மரமா?" என்றதும் உங்களுக்கே தெரியும். நான் வாசலில் குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்க, சரளா உங்களிடம், "அண்ணா, அவர் இருக்காரா போயிட்டாரான்னே தெரியல. இருந்தா, போய்ட்டு வர்றேன்னு சொல்லிடு" என்றாள். நீங்களும் என்னைப் பார்த்து, "இருக்கீங்களா?" என்றீர்கள். அப்போதும் தலையாட்டினேன். மறுநாள் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயா, வாயைக் கட்டுங்கன்னு நான் சொன்னது பிரியாணிய" என்றார். மச்சான், அந்த நாட்களிலெல்லாம் மீன் குழம்பை நான் இரண்டாம் முறை வாங்காமல் எழுந்ததில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம். பிள்ளைகளின் நெற்றியில் என் சார்பில் சிலுவை அடையாளம் வரையவும். சரளாவால் இப்போது படிக்க முடியாதாகையால், இக்கடிதத்தை நீங்களே அவளுக்கு வாசித்துக் காட்டக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
ஞானாதிக்கம்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். நான் பேச வேண்டியதை உங்கள் வாயால் பேசச் சொல்லியிருக்கிறேன் என்பது ஒட்டிய பிறகுதான் உறைத்தது. எனவே வாசித்துக் காட்ட வேண்டாம். இது உங்கள் கைக்கு வரும்போது, கொண்டுவந்தவனாக நானே உங்கள் வாசலில் நிற்பேன். உண்மையில் பேசாமலிருப்பது எனக்குச் சிரமமாகவே இல்லை, சுகமாக இருந்தது. பயமாக இருக்கிறது என்றவளுக்குப் பதில் சொல்வதுதான் சிரமம், அதைத்தான் தவம் என்ற பெயரில் விட்டுவிட்டேன். கட்டுப் பிரிக்கும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கப்போகிறேன். பெரும்பாலும் மழையைப் பற்றித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. பக்கத்தில் இருக்கிறேனா என்று அவள் கேட்டது சரிதான், நான் அங்கே இருக்கவில்லை.