ஜெயிப்பதில் அக்கறையே இல்லாதவர்

தோற்கத் தெரியாதவர்கள் என்று ஒரு வகை உண்டு. சீட்டைத் தூக்கி எறிவார்கள், காயைக் கலைப்பார்கள், ராத்திரிச் சாப்பாட்டை முறைத்துக்கொண்டே சாப்பிடுவார்கள், விடிந்தால் சரியாகிவிடுவார்கள். பாவம், அப்பாவிகள். நான் சொல்ல வந்தது வேறு இனம். "ஜெயிக்கிறதுல எனக்கென்னங்க அக்கறை, சும்மா விளையாட்டுக்குத்தானே" என்று சொல்லிக்கொண்டே உங்களை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டு, பிறகு கை கொடுத்துத் தூக்கிவிட்டு, முழங்காலில் ஒட்டிய மண்ணையும் தட்டிவிடுவார்களே, அவர்கள்.

இந்த ஆசாமிகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் ஒரு நாடே இப்படி இருந்து நான் பார்த்தது நார்வேயில்தான். சென்னையில் இருக்கிற ஜனம்கூட இல்லாத நாடு. குளிர்கால ஒலிம்பிக் வந்தால் பதக்கப் பட்டியலின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அட, நாங்களா? நாங்க சும்மா காலாற நடக்கப் போனோம்" என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும். சின்னப் பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்குப் பந்தயம் வைப்பார்கள். யார் முதல், யார் கடைசி என்று பட்டியல் போடக் கூடாது, எல்லாருக்கும் ஒரே பரிசு. நல்ல ஏற்பாடு, நான் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் ஊசியிலை மரத்துக்குப் பின்னால் ஒரு அப்பா கைக்கடிகாரத்தை அமுக்கிக்கொண்டு நிற்கிறாரே, அவர் என்ன, பறவை பார்க்கவா வந்தார்?

அந்த அப்பாவைத் தள்ளி நிறுத்தி நன்றாகப் பாருங்கள். அநேகமாக ஸ்டைனாராக இருப்பார்.

ஸ்டைனார் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலைமேல் ஒரு மரவீடு, அதில் டூரிட் என்று ஒரு மனைவி, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. டெலிவிஷனில் நார்வேக்காரர்கள் மூன்று பேர் வரிசையாக வந்து தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் அள்ளிக்கொண்டு போனால், ஸ்டைனார் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விடுவார். இது விளையாட்டுக்கு நல்லதில்லை என்பார். மற்ற நாட்டுப் பிள்ளைகளும் வீட்டில் அம்மா அப்பா பார்க்கத்தானே ஓடுகிறார்கள் என்பார். ஒரு சுவீடன்காரனாவது ஜெயித்தால் தனக்கு நிம்மதியாக இருக்கும் என்று சொல்லும்போது குரல்கூடத் தழுதழுக்கும். என்ன மனசு! ஆனால் பந்தயம் முடிகிற நேரத்தில் நிஜமாகவே ஒரு சுவீடன்காரன் முன்னால் வந்துவிட்டான் என்று வையுங்கள், ஸ்டைனாருக்கு உடனே விறகு ஞாபகம் வந்துவிடும். கோடரியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவார். டூரிட் டெலிவிஷனைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. வெளியே விறகு பிளக்கிற வேகத்தை வைத்தே யார் ஜெயித்தது என்று சொல்லிவிடுவாள்.

கொட்டகை என்றேனே, அங்கேதான் அவருடைய ராஜ்ஜியம். பனிச்சறுக்குப் பலகையின் அடியில், கால் ஊன்றுகிற இடத்தில், மெழுகு தடவ வேண்டும். சரியான மெழுகு என்றால் மேட்டில் ஏறும்போது பனியைப் பிடிக்கும், இறக்கத்தில் விட்டுவிடும். தப்பான மெழுகு என்றால் ஒன்று வழுக்கிப் பின்னால் வருவீர்கள், அல்லது பனி அடியில் கட்டி கட்டியாக ஒட்டி முக்காலி மேல் நிற்கிற மாதிரி நிற்பீர்கள். குளிர்ந்த புதுப்பனிக்கு நீல டப்பா. வெயிலில் நசநசத்த பழைய பனிக்குக் குழாயில் வருகிற பிசின். இடையில் இன்னும் எத்தனையோ. ஸ்டைனார் வெளியே வந்து ஒரு பிடி பனியை அள்ளுவார், பிசைவார், முகருவார், நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். பிறகு ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் எந்த டப்பாவைத் திறந்தார் என்று தெரிந்துகொள்ள அக்கம்பக்கத்துக்காரர்கள் சர்க்கரை கடன் கேட்டு வருவார்கள். அந்த மலையில் அவ்வளவு சர்க்கரை யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

ஈஸ்டர் சனிக்கிழமை அங்கே ஒரு பந்தயம் நடக்கும். வேடிக்கைப் பந்தயம். எல்லாரும் வேஷம் கட்டிக்கொண்டு உறைந்த ஏரியைச் சுற்றிக் குன்றேறி இறங்கி வர வேண்டும், நேரம் குறிப்பதில்லை, முடித்தவர்களுக்கெல்லாம் ஒரு ஆரஞ்சும் ஒரு சாக்லெட்டும். ஸ்டைனார் வருஷா வருஷம் கோழி வேஷம் போட்டுக்கொண்டு வந்து வருஷா வருஷம் முதலில் முடிப்பார். கோழி உடைக்கு உள்ளே உடம்பைக் கவ்விய பந்தய உடை போட்டிருப்பார். யாராவது பாராட்டினால், "அப்படியா, நான்தான் முதல்ல வந்தேனா? கவனிக்கலியே" என்பார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், சுன்னிவா. சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பையனை மலைவீட்டுக்குக் கூட்டி வந்தாள். நல்ல பையன்தான், ஆனால் மெழுகே தேவைப்படாத புதுமாதிரிப் பலகையோடு வந்துவிட்டான். ஸ்டைனார் அவனைக் கொட்டகைக்குள் அழைத்துக்கொண்டு போய்ப் பாடம் எடுத்தார். பகல் சாப்பாட்டுக்கும் விடவில்லை. பையன் மறுநாள் பஸ் ஏறியவன் அவள் வாழ்க்கையிலிருந்தே இறங்கிவிட்டான். அதற்கப்புறம் சுன்னிவா ஈஸ்டருக்கு வரவே இல்லை. ஸ்டைனார் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் அவளுடைய பலகைக்கும் சேர்த்து வருஷம் தவறாமல் மெழுகு போட்டு வாசலில் சாத்தி வைத்துவிட்டு, விடுமுறை முடிந்ததும் தானே உள்ளே எடுத்து வைப்பார்.

இந்த வருஷம் போன் வந்தது. வருகிறாளாம். கூட ராஸ்முஸ் என்று ஒருவன் வருகிறானாம். பல் டாக்டர். சுவீடன்காரன்.

"அப்பா, முன்னாடியே சொல்லிடறேன்," என்றாள் சுன்னிவா. "இவனையும் நீ அந்த மாதிரி விரட்டினா, அடுத்த ஈஸ்டர்லேர்ந்து நாங்க அவங்க வீட்டுக்குப் போயிடுவோம்."

ஸ்டைனார் அன்றைக்கு நிறைய விறகு பிளந்தார். டூரிட் காப்பியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். ஒரே ஒரு தடவை பந்தயத்தில் அவனிடம் தோற்றுத்தான் பாரேன், உடம்புக்கு ஒன்றும் ஆகாது, பையனுக்கும் சந்தோஷமாக இருக்கும், பெண்ணும் மனம் குளிர்வாள் என்றாள். ஸ்டைனார் யோசித்தார். மகள் வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. சரி, தோற்பது என்று முடிவு செய்தார். செய்த மாத்திரத்தில் தன் மேல் தனக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது. எவ்வளவு பெரிய மனுஷன் நான் என்று கண்ணாடியில் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

ஆனால் எப்படித் தோற்பது? மெதுவாகப் போனால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதுவுமில்லாமல், மெதுவாகப் போவது எப்படி என்று அவருக்குத் தெரியாது. மெழுகுதான் வழி. சனிக்கிழமை காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது, பனி நசநசவென்று இருந்தது, குழந்தைகூடப் பிசின் என்று சொல்லிவிடும். முந்தின நாளே மகளோடு வந்து இறங்கியிருந்த ராஸ்முஸின் பலகையை வாங்கி, சொந்தப் பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிற மாதிரி, பிசினைப் பதமாகத் தடவி நீவிக் கொடுத்தார். தன் பலகைக்கு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு நீல டப்பாவைத் திறந்தார். இந்த வெயிலில் நீலம் போட்டுக்கொண்டு போனால் மேட்டில் ஓரடி ஏறினால் ஈரடி சறுக்கும். முதல் மேட்டிலேயே கதை முடிந்துவிடும்.

பக்கத்து வீட்டு ஓட்வார் என்ன செய்தார் என்றால், சர்க்கரைக் கிண்ணத்தோடு வந்தவர், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, பிசின் குழாயைக் கண்டதும் சர்க்கரையை மறந்து திரும்பி ஓடினார். அரை மணியில் மலை முழுக்கத் தகவல் பரவியது. அத்தனை பேரும் பிசின் தடவினார்கள்.

புறப்படும் கோட்டில் எல்லாரும் நின்றார்கள். ஓட்வார் ஈஸ்டர் முட்டை வேஷத்தில், ராஸ்முஸ் யாரிடமோ இரவல் வாங்கிய முயல் காதோடு, நம்மவர் கோழியாக. அப்போது காற்று திரும்பியது. வெயில் மறைந்தது. சில்லென்று ஒரு குளிர் வந்தது. கோழிக் கொண்டையிலிருந்து நழுவி ஒரு பனித்துகள் ஸ்டைனாரின் கையுறை மேல் விழுந்தது, உருகவில்லை. பின்னாலேயே பொலபொலவென்று உலர்ந்த புதுப்பனி கொட்ட ஆரம்பித்தது. அந்தக் கணத்தில், அந்தக் கூட்டத்திலேயே, அவர் ஒருவருக்குத்தான் விஷயம் புரிந்தது. இந்தப் பனிக்குப் பிசின் எமன். நீலம் அமிர்தம்.

சொல்ல வேண்டியதுதானே? "நிறுத்துங்க, பிசினைச் சுரண்டுங்க" என்று ஒரு வார்த்தை. வாயைத் திறந்தார். ஆனால் அதைச் சொன்னால், காலையில் அவர் பனியைப் பார்த்த பார்வை தப்பு என்று சொன்ன மாதிரி ஆகுமே. பக்கத்தில் ஓட்வார் வேறு நிற்கிறார். வாயை மூடிக்கொண்டார்.

பந்தயம் கிளம்பியது. ஏரிக்கரை தாண்டுவதற்குள் முட்டைகளும் முயல்களும் காலடியில் கட்டி கட்டியாகப் பனி சேர்ந்து ஆளாளுக்கு உயர்ந்துகொண்டே போனார்கள். நம் கோழி மட்டும் பறந்தது. ஸ்டைனார் தன்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தார் என்பதை நான் சத்தியம் செய்து சொல்வேன். நின்று இயற்கையை ரசித்தார். பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். வேண்டுமென்றே ஒரு தரம் விழுந்தார். பையில் இருந்த ஒரு ஆரஞ்சைத் தோல் உரித்துச் சுளை சுளையாகத் தின்றார். ஒருவரும் வரவில்லை. கடைசியில் தூரத்தில் ஓட்வார் அடியைச் சுரண்டிவிட்டு மூச்சு வாங்க வருவது தெரிந்தது. அப்பாடா, இவர் போகட்டும் என்று ஸ்டைனார் நினைத்தது உண்மை. கால்தான் கேட்கவில்லை. ஆயுசில் இப்படி ஒரு பலகை அவருக்கு அமைந்ததில்லை. தொட்டால் பிடிக்கிறது, விட்டால் ஓடுகிறது. கடைசி இறக்கத்தில் குனிந்து, வால் தூக்கி, கண்ணில் நீர் வழியச் சறுக்கிக்கொண்டு வந்தபோது அவருக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். கோட்டைத் தாண்டிய பிறகுதான் மகள் ஞாபகம் வந்தது.

ராஸ்முஸ் எல்லாருக்கும் கடைசியாக, பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தான். முயல் காதில் ஒன்றைக் காணவில்லை.

ஓட்வார் காப்பிக் கோப்பையை உயர்த்தினார். "ஸ்டைனார், உன்னை மாதிரி ஒருத்தன் இனிமேதான் பொறக்கணும். நான் ஜன்னல்ல எட்டிப் பார்ப்பேன்னு தெரிஞ்சே பையன் பலகைக்குப் பிசினைத் தடவிட்டு, உனக்கு நீலத்தைப் போட்டுக்கிட்டே, பாரு. சுவீடனையும் முடிச்சே, எங்களையும் முடிச்சே."

எல்லாரும் கை தட்டினார்கள். நிஜமான மரியாதையோடு தட்டினார்கள். சுன்னிவா மட்டும் தட்டவில்லை. அப்பாவின் பலகையைத் திருப்பி, அடியில் நகத்தால் சுரண்டி, நீலத்தைப் பார்த்தாள்.

"அப்பா, தெரிஞ்சேதானே செஞ்சே?"

இரண்டே பதில். ஆமாம் என்றால் இந்த மலையில் அவரைப் போல மேதை இல்லை. மகள் சுவீடனுக்குப் போய்விடுவாள். இல்லை என்றால், பனியைப் பார்க்கத் தெரியாதவன் என்று ஊரறிய ஒத்துக்கொள்ள வேண்டும். கெட்டவன் என்று பெயர் வாங்குவது அந்த ஊரில் பெரிய விஷயமில்லை. மெழுகு தெரியாதவன் என்று பெயர் வாங்கினால் தலை காட்ட முடியாது. ஸ்டைனார் ஓட்வாரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"தெரியாமத்தான் செஞ்சேன்," என்றார். "பனி மாறும்னு எனக்குத் தெரியலை. அவன் ஜெயிக்கணும்னு அவனுக்குப் பிசின். நான் தோக்கணும்னு எனக்கு நீலம்."

ஓட்வார் சிரித்த சிரிப்பில் காப்பி முட்டை வேஷத்தின் மேலெல்லாம் கொட்டியது. ஸ்டைனாருக்குப் பனி தெரியலையாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். என்ன அடக்கம், என்ன அடக்கம் என்றார்கள். காலமெல்லாம் அவர் சொன்ன பொய்யடக்கத்தை நம்பியவர்கள், வாழ்க்கையில் முதல்முறையாக அவர் உண்மையைச் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. டூரிட்டுக்குத் தெரியும். ஆனால் அவள் ரொட்டித் துண்டில் சீஸ் வைக்கிற சாக்கில் குனிந்து தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்றதுன்னா நம்புற மாதிரியாவது சொல்லுப்பா," என்றாள் சுன்னிவா.

"நிஜமாவே தெரியலைம்மா." கோழிக் கொண்டைக்குக் கீழே அவர் கண் கலங்கியது.

அப்போதுதான் ராஸ்முஸ் பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்தான். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் பேசுகிற அந்த மெல்லிய குரலில் பேசினான்.

"நான் நம்புறேன், ஸ்டைனார். காலையில நீங்க பிசின் தடவும்போதே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. மேற்கால மேகம் கட்டியிருந்துச்சு. ஆசையா தடவறீங்களே, எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன். பரவாயில்லை. அடுத்த ஈஸ்டருக்கு வரும்போது உங்களுக்கும் சேர்த்து நானே போட்டுத் தர்றேன்."

சுன்னிவா அவனைப் பார்த்தாள், அப்பா முகம் போன போக்கைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அப்படி ஒரு முகத்தை யாராலும் நடிக்க முடியாது. ஓடி வந்து கோழியைக் கட்டிக்கொண்டாள். மகள் அடுத்த வருஷமும் வருவாள். ஸ்டைனாருக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்றால், ஒரு சுவீடன்காரன் மெழுகு போட்ட பலகையில் ஊர் பார்க்க நிற்கப் போகிறோம் என்பதைக்கூடச் சரி என்று தலையாட்டி ஏற்றுக்கொண்டார். ஆட்டிவிட்டு நேராக விறகு பிளக்கப் போனார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன். போன விடுமுறையில் அக்கா பையனோடு கேரம் ஆடினீர்கள், கடைசிக் காயைக் குழிக்குப் பக்கத்திலேயே விட்டுவைத்து அவனை ஜெயிக்க விட்டீர்கள். தங்கமான மனசு. அவன் குதித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினதும் அடுக்களைக்குள் போய் அக்காவிடம் என்ன சொன்னீர்கள்?