தீர்த்தம் தெளித்த கேமரா

வீட்டில் கம்ப்யூட்டர் சமாச்சாரம் எதுவானாலும் கம்ப்யூட்டர் வாத்தியாரை மட்டும் நம்பக் கூடாது. பன்னிரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்தை நடத்துகிறவன் என்ற முறையில் இதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் வீடு சின்னமனூர் பக்கம். விடிந்ததும் அப்பா ஓடைப்பட்டி திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விடுவார். நான் பள்ளிக்கூடத்துக்கு, தங்கை ஸ்டெல்லா போடியில் ஒரு ஏலக்காய்க் கம்பெனி ஆபீஸுக்கு. அம்மா தனியாக இருக்கிறாளே என்று ஹாலில் மாட்ட ஒரு கேமரா வாங்கினேன். எங்கிருந்தும் போனில் பார்க்கலாம், பேசவும் செய்யலாம். (அம்மா கேட்டது குக்கர்.)

எங்கள் ஊரில் புது பைக்கோ புது மோட்டாரோ, மாதா கோயில் பங்குச்சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த பிறகுதான் ஓடத் தொடங்கும். கேமராவையும் விடவில்லை. லென்ஸில் தண்ணீர் பட்டுக் கெட்டுவிடப் போகிறது என்று நான் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தேன். சாமியார் தெளித்தார், அம்மா போட்டோ எடுத்தாள், எங்கள் தெருக் குடும்பங்கள் எல்லாம் இருக்கிற அன்பியம் வாட்ஸப் குரூப்பில் பெருமையாக நான் போட்டேன்.

அந்த அடிப்பக்கத்தில்தான் ஸ்டிக்கர் இருந்தது. கேமராவின் நம்பர், க்யூஆர் கோடு, கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டு, மூன்றும் அதில். இந்த மாதிரிக் கேமரா வைஃபை கிடைத்ததும் எங்கோ இருக்கிற கம்பெனி சர்வருக்குத் தன் நம்பரைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும். அதே நம்பரையும் பாஸ்வேர்டையும் எந்த போன் கொடுத்தாலும் சர்வர் அந்த போனையும் கேமராவையும் சேர்த்துவைத்துவிடும். வந்தது வீட்டுக்காரனா வேற்றாளா என்று விசாரிக்காது. அதனால் முதல் நாளே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். பிள்ளைகளுக்கு இதை நான் இரண்டு மார்க் கேள்வியாகக் கேட்பதுண்டு.

நான் மாற்றவில்லை. (நம்ம வீட்ட எவன் பாக்கப்போறான்?)

அந்த வாரம் கம்பத்திலிருந்து ஸ்டெல்லாவுக்கு வரன் வந்தது. பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வாய்திறந்து சொல்லவில்லை, ஆனால் கம்பத்திலிருந்து போன் என்றால் வேறு யாரும் எழுந்திருக்கும் முன்பே எடுத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

அன்று காலைப் பூசை முடிந்து வந்ததும் நான் ஹாலில் ஒத்திகை நடத்தினேன். கோழிக் குழம்பை ஓட்டலில் வாங்கி நம் சட்டியில் மாற்றி, ஸ்டெல்லா வைத்தது என்று சொல்வது. கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிடுவாள் என்று நானே முந்திக்கொண்டு சொல்வது. மாப்பிள்ளை வீட்டில் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்று நானாக முடிவு செய்திருந்தேன்.

ஸ்டெல்லா எழுந்து நின்றாள். "வேலைய விட மாட்டேண்ணே. பொய் சொல்லித்தான் இந்தக் கல்யாணம் நடக்கணும்னா எனக்கு வேணாம்."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்துவிட்டது. அது அவளுக்கு எவ்வளவு பெரிய 'வேணாம்' என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், இப்போது தலையை ஆட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பெரிய மனுஷத்தனம்.

அப்போது சுவரிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"வேலைய விடணும்னு யாரு தம்பி சொன்னாக? நாங்க சொல்லலையே."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். (தீர்த்தம் வேலை செய்கிறது என்றே நினைத்தாளாம்.) குரல் நிற்கவில்லை. "கோழியும் வாங்க வேணாம். சமையலுக்கு என்னத்தா, எம்மகன் நல்லா வைப்பான். நாங்க கெளம்பிட்டோம்."

மாப்பிள்ளையின் அம்மா. அவருடைய தங்கை எங்கள் அன்பியத்தில் இருக்கிறவர். போட்டோ அக்காவுக்குப் போயிருக்கிறது. பூசையிலிருந்து நாங்கள் திரும்பிவிட்டோமா என்று பார்த்துவிட்டுக் கிளம்பலாமே என்று, போட்டோவில் தெரிந்த ஸ்டிக்கரை வைத்து அவர் தன் போனில் எங்கள் கேமராவைத் திறந்திருக்கிறார். எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று வீடுகளில் எங்கள் ஹால் ஓடிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

மத்தியானம் வந்தார்கள். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அம்மா வைத்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இப்போது மூன்று வருஷம் ஆகிறது. ஸ்டெல்லா வேலைக்குப் போகிறாள், மாப்பிள்ளை சமைக்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்தால், சட்டியைத் திறந்து பார்த்து "எந்த ஓட்டல், மச்சான்?" என்று கேட்காமல் அவர் சாப்பிட உட்காருவதில்லை.

பெண் பார்த்துவிட்டுப் போன அன்று சாயங்காலமே ஸ்டெல்லா என் போனைப் பிடுங்கிப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். அப்பாவுக்குப் புது பாஸ்வேர்டு தெரியும், அம்மாவுக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் கம்ப்யூட்டர் வாத்தியார். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

"ரெண்டு மார்க் கேள்விதானேண்ணே" என்கிறாள்.