குங்கும ஜோடியும் விபூதி ஜோடியும்

"எது குங்குமம், எது விபூதி?" என்று நடராஜ் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"குங்குமம் வெச்சது முதல் பெட்டிங்க. விபூதி வெச்சது ரெண்டாவது பெட்டி," என்றான் மாறன்.

மேசைமேல் நான்கு பச்சைப் பட்டைகள் இருந்தன. கம்ப்யூட்டருக்குப் போடும் ராம். இரண்டிரண்டாக, இரண்டு கம்பெனியுடையவை. ஓட்டிப் பார்த்துவிட்டு வேண்டாததைத் திருப்பித் தரலாம் என்று வேலூர்க் கடைக்காரர் கொடுத்தனுப்பியிருந்தார். கம்பெனிப் பெயர் அட்டைப்பெட்டியில்தான் இருந்தது. வெளியே எடுத்துவிட்டால் நான்கும் ஒரே முகம். பேனாவால் குறித்தால் திருப்பி வாங்க மாட்டார்கள். அதனால் மாறன் மானிட்டர்மேல் கிடந்த கோயில் பிரசாதப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு ஜோடிக்குக் குங்குமமும் மறு ஜோடிக்கு விபூதியும் தொட்டு வைத்திருந்தான். துடைத்தால் போய்விடும்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம். தேரடித் தெருவில் நடராஜின் கல்யாண வீடியோக் கடையில் படத்தை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்க்கும் மிக்ஸிங் வேலை மாறனுடையது. ஒரு கல்யாணத்தை முடிக்க அந்தப் பழைய கம்ப்யூட்டர் மூன்று நாள் எடுத்துக்கொண்டது. நல்ல ராம் போட்டால் கம்பெனி குறித்த இருநூறு மெகாஹெர்ட்ஸ் என்ற வேகத்தைத் தாண்டி ஓட்டலாம் என்று பிரௌசிங் சென்டரில் படித்துவிட்டு வந்து சொன்னவன் அவன்தான்.

"ஓடலன்னா இன்னாடா பண்றது?"

"ஓடும்ங்க."

"ஓடலன்னா மிக்ஸிங்க வேலூருக்குக் குடுத்துடுவேன். நாளைக்குக் கீழ்பென்னாத்தூர் கல்யாணத்துல நீ லைட்டு புடிக்கணும். அஞ்சு மணிக்கு வேலூர்க் கடப் பையன் காசி வருவான். அதுக்குள்ள எது வேணும்னு சொல்லிடு."

ஆல்பம் கொடுக்க நடராஜ் கிளம்பிப் போனார். லைட் பிடிப்பது என்றால் மூன்று மணி நேரம் வெப்பத்தில் நின்று, "தம்பி, மறைக்காத, தள்ளு" என்று ஊரே விரட்டுவதைக் கேட்க வேண்டும். இந்த நாற்காலி போனால் போனதுதான்.

முதலில் குங்கும ஜோடியைச் செருகினான். இருநூற்று நாற்பதில் அலுங்காமல் ஓடியது. விபூதி ஜோடி இருநூற்றுப் பதினைந்திலேயே நின்றுவிட்டது. இவ்வளவுதானா! கழற்றி அதனதன் பெட்டியில் வைத்தான்.

கடையைப் பெருக்கித் துடைக்கும் சந்திரம்மாளிடம், "அக்கா, இந்தப் பொட்டியில இருக்கறது அந்தப் பொட்டிக்குப் போவக் கூடாது. ஜோடி மாறுனா மிஷின் படுத்துக்கும்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

"எனக்கெதுக்குப்பா அதெல்லாம்?" என்றாள் அவள். வெள்ளிக்கிழமை வேலை அவளுக்குத் தலைக்குமேல் இருந்தது.

திரும்பி வந்தபோது கேமரா, லைட் எல்லாம் துடைத்துப் பளபளவென்று இருந்தன. பெட்டிகளைத் திறந்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் பெட்டியில் ஒரு குங்குமம், ஒரு விபூதி. இரண்டாவதிலும் அப்படியே.

"மாத்தி வெச்சிட்டீங்களாக்கா?"

"நான் மாத்தல. எடுத்த எடத்துலதான் வெச்சேன்."

வாதம் செய்ய நேரமில்லை. நல்லவேளை, அடையாளமாவது முன்பைவிடப் பளிச்சென்று இருந்தது. குங்குமம் இரண்டையும் சேர்த்து எடுத்துச் செருகினான். நடராஜ் வந்து பின்னால் நின்றார்.

"அவலூர்பேட்டை கல்யாணத்தப் போடு, பாக்கலாம்."

இருநூற்று நாற்பது. மாப்பிள்ளை தாலியை எடுத்தார். கை அந்தரத்தில் நின்றது.

"இன்னாடா, கட்டவே மாட்டேன்றான்?"

"ஒரு நிமிஷங்க." இருநூற்று இருபது. மறுபடி அந்தரம். இருநூற்று ஐந்து. இப்போது தாலியை எடுக்கவே இல்லை.

"மத்தியானம் கரண்ட்டு கம்மியா வருதோ என்னவோங்க."

"இன்னிக்கென்ன பௌர்ணமியா, கிரிவலக் கூட்டம் வந்து கரண்ட்ட இழுக்க? லாட்ஜெல்லாம் காலியாத்தான் கெடக்குது."

ராமுக்குப் போகும் வோல்ட்டைக் கொஞ்சம் ஏற்றினான். மணப்பெண் முகம் பச்சையாகியது. சூடுதான் காரணம் என்று கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்து டேபிள் ஃபேனை அதற்கு நேரே வைத்தான். மேசையிலிருந்த ஆல்பம் போட்டோக்கள் அத்தனையும் பறந்து தெருவுக்குப் போயின. நடராஜ் வேட்டியை மடித்துக்கொண்டு ஆட்டோக்களுக்கு நடுவே மணப்பெண்ணின் தாய்மாமனைத் துரத்தினார்.

கடைசி நம்பிக்கையாக விபூதி ஜோடியை மாட்டினான். காலையில் இருநூற்றுப் பதினைந்து வரையாவது போனது, இப்போது இருநூற்றுக்கே தள்ளாடி நின்றது. மறுபடி போட்டுப் பார்த்தால் அவலூர்பேட்டை கல்யாண ஃபைலே திறக்கவில்லை. மூன்று நாள் வேலை அதில் இருந்தது.

பனி பெய்யும் ஊர்களின் கதைகளில் அதிகாரி வாசலில் தொப்பியைக் கையில் வைத்து நிற்கும் குமாஸ்தாவைப் போல மாறன் நின்றான். கையில் தொப்பிக்குப் பதில் ஸ்க்ரூ டிரைவர்.

"காலையில ஓடுச்சுங்க. சத்தியமா."

"நான் பாத்தனா?"

சரியாக ஐந்து மணிக்குக் காசி வந்தான். "எத வெச்சிக்கறீங்க, எத எடுத்துனு போவட்டும்?"

"ரெண்டயும் எடுத்துனு போ," என்றார் நடராஜ். "மிக்ஸிங் ஆள் யாராச்சும் வேலூர்ல இருந்தா சொல்லு."

காசி நான்கு பட்டைகளையும் கையில் வாங்கிப் பார்த்தான். "பொட்டு வெச்ச ராமை எந்தக் கடையிலங்க திருப்பி எடுப்பாங்க?" என்று கைக்குட்டையால் நான்கையும் நன்றாகத் துடைத்து, கைக்கு வந்ததை வந்த பெட்டியில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

மாறன் மூலையில் குந்தி, நாளைக்கு வேண்டிய லைட் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான். லைட்டின் நெற்றியில் விபூதிப் பட்டை, அதன் நடுவில் குங்குமம். அதையே வெறித்துக்கொண்டிருந்தான்.

சந்திரம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. துடைப்பத்தை வைத்துவிட்டு அருகில் வந்தாள்.

"நீ சொன்ன மாதிரி நான் பொட்டி எதையும் மாத்தலப்பா. தொடைக்கறப்போ நீ வெச்சதெல்லாம் அழிஞ்சிபோச்சு. அண்ணாமலையார் ஊர்ல சாமி ஒரு பொட்டி, அம்மன் ஒரு பொட்டின்னு பிரிச்சி வெக்கலாமா? அதான் பொட்டிக்கு ஒரு விபூதி, ஒரு குங்குமம்னு நானே அழகா வெச்சி உட்டேன்."