வெள்ள நோட்டீஸில் வாணவேடிக்கை

திருத்தணியில் மலைமேல் ஒரு முருகன், மலையடியில் ஒரு பெரியெழுத்து; மற்றவர்கள் எல்லாரும் மொட்டை போட்டுக்கொண்டு ரயிலேறுகிற கூட்டம் என்று அந்தக் காலத்தில் ஒரு பேச்சு உண்டு. அப்படிப் பேசியது ஊரில் ஒரே ஆள்தான். பெரியெழுத்தேதான்.

அச்சாபீஸில் கம்பாசிட்டர் அவர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து நோட்டீஸ் அடிக்கிற வேலை. சொந்தப் பெயர் முதலாளிக்கே மறந்துவிட்டது. உலகத்தில் எதையும் எழுத்தின் அளவை வைத்துத்தான் பேசுவார். காபி ஹோட்டலுக்குப் போவார், ஒரு வாய் குடிப்பார். "இன்னா நைனா, காபித்தூளு எட்டு பாயிண்டுல கீது, தண்ணி மட்டும் போஸ்டர் எழுத்துல கீது?" என்பார். ஹோட்டல்காரர் பதில் பேசாமல் டிகாக்ஷனை ஊற்றிவிடுவார். பேசினால் பெரியெழுத்தின் குரல் ரயில்வே ஸ்டேஷன்வரை போகும்.

ஒரு பெரிய மனிதர் காலமாகிவிட்டார். அவருடைய பிள்ளைகள் கருமாதிப் பத்திரிகை அடிக்க வந்து, அப்பா பெயரை இருப்பதிலேயே பெரிய எழுத்தில் போடச் சொன்னார்கள். பெரியெழுத்து மறுத்துவிட்டார். "ஆளு உயிரோட இருந்தப்ப இம்மாம் பெருசு இல்லியே சாமி. திடீர்னு வளந்தா சனம் பயப்படாது?" அடிக்கவே வந்துவிட்டார்கள். முதலாளி காலில் விழாத குறையாகச் சமாதானம் செய்தார். இன்னொரு சமயம், சகல வியாதிகளையும் தீர்க்கும் லேகியத்துக்கு விளம்பரம். 'சகல வியாதிகளையும்' என்பதைக் கண்ணுக்கே தெரியாத எழுத்தில் போட்டு, 'மலம் இளகும்' என்பதை மட்டும் மரக்கட்டையில் செதுக்கிய பெரிய எழுத்தில் போட்டார். வைத்தியர் கத்தினார். "அது ஒண்ணுதான் நெசம், நான் துன்னு பாத்தன்" என்றார் இவர். அந்த மாதம் லேகியம் விற்றுப் போன இடம் தெரியவில்லை. வைத்தியர் மறுமாதம் தானாகவே வந்து அதே மாதிரி இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார்.

சிரிக்கிற கதை இத்தோடு முடிந்தது. இனி வருவதை நான் சிரிக்காமல்தான் சொல்ல வேண்டும். அதிலும் சிரிப்பு வரும், அதுதான் என் வயிற்றெரிச்சல்.

யுத்த காலம். ஐப்பசி அடைமழை. ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஓர் ஏரி உடைந்தது. கரையை ஒட்டி ஒரு நெசவாளர் குடியிருப்பு, பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு தறி. எல்லாம் குழித்தறி. நெய்கிறவர் காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிப்பார். தண்ணீர் வந்தால் முதலில் நிறைவது அந்தக் குழிதான். உயிர்ச் சேதமில்லை, ஆனால் தறியில் ஏற்றியிருந்த பாவும் நூலும் சேறாகிவிட்டன. கார்த்திகைக்குள் நூல் கிடைத்துத் தறி ஓடாவிட்டால் பட்டணத்துக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். அந்தப் பன்னிரண்டு வீட்டில் ஒன்று பெரியெழுத்தின் அக்கா வீடு.

உடனே திருத்தணியில் ஒரு நிவாரணக் கமிட்டி. ரைஸ் மில்காரர் தலைவர். செகரட்டரி? அடியேன்தான். அப்போது நான் பள்ளிக்கூட வாத்தியார். நாலு பேர் நம் தமிழைப் புகழ்ந்துவிட்டால் தலை கனத்துவிடும் வயசு. 'கருணைக் கடலாம் பெருமக்காள்!' என்று தொடங்கி மூன்று பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள் எழுதி, சுவரொட்டியாக அடிக்கச் சொல்லி எடுத்துப் போனேன்.

பெரியெழுத்து நின்றபடியே படித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், வெள்ளத்துல போறவன் இம்மா நேரம் பேசிகினு இருப்பானா?"

"யோவ், பின்ன எப்படித்தான்யா எழுதறது?"

"எழுத வாணாம் சார். காட்டணும். நாலு தாளு. நாலு நாளு. நாலாவது நாளு சந்தை. எங்கையில வுட்டுடுங்க."

முதல் நாள் தாள் ஒட்டினார்கள். ஸ்டேஷனில், மலைப்படிக்கட்டின் கீழே, கனகம்மாசத்திரம் பஸ் நிற்கிற இடத்தில், ஆர்.கே.பேட்டைக் கடைத்தெருவில். முழுத்தாளின் நடுவே மரக்கட்டை எழுத்தில் 'தறி' என்று ஒரே ஒரு சொல். வேறு ஒன்றும் இல்லை. யுத்தகாலக் காகிதம், வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிறவர் மூக்கு தெரியும். அந்தக் காகிதத்தை இப்படி வீணடிக்கிறானே என்று நான் பல்லைக் கடித்தேன். "எந்த நாடகக் கம்பெனி சார் வருது?" என்று நாலு பேர் என்னிடமே கேட்டார்கள்.

இரண்டாம் நாள் அதே சொல், பாதிக்குக் கீழே இல்லை. அச்சடிக்கும்போது கீழ்ப்பாதியைக் காகிதம் வைத்து மறைத்துவிட்டு, அந்த இடத்தில் கோடு அடிக்கிற பித்தளைத் தகடுகளை வரிசையாக அடுக்கியிருந்தார். பார்த்தால் தண்ணீர். மூன்றாம் நாள் 'றி'யின் மேல் வளைவு மட்டும் தண்ணீருக்கு வெளியே நின்றது. கனகம்மாசத்திரத்தில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு கிழவர், "அடப்பாவிங்களா, முழுவுதே! யாரும் புடிக்க மாட்டீங்களா?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாராம். ஊர் முழுக்க ஒரே பேச்சு, நாளைக்கு என்ன, நாளைக்கு என்ன என்று. சவரக்கடையில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒருவருக்கு மீசையை எடுத்துவிட்டார்கள்.

நாலாவது தாளை எனக்கு மட்டும் காட்டியிருந்தார். மேலிருந்து கீழ்வரை வெறும் கோடு, தண்ணீர். அடியில் சின்ன எழுத்தில் இவ்வளவுதான்: 'உள்ளே பன்னிரண்டு தறி. நூல், துணி, தானியம் எது இருந்தாலும் சந்தைப் புளியமரத்தடிக்குக் கொண்டுவாருங்கள்.'

அருமையான தாள். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் செய்தேன், அதைச் சொல்லாமல் மேலே போகக்கூடாது. நாலு தாளிலும் என் பெயர் இல்லை. தலைவர் ஒரு தடவை, "நம்ம பேரெல்லாம் எங்க சார்?" என்று முனகினார். அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். அவர் முனகாமல் இருந்திருந்தாலும் நான் வேறு சாக்குத் தேடியிருப்பேன்.

சந்தைக்கு முந்தின நாள் பெரியெழுத்து அக்கா வீட்டுக் குழியில் தண்ணீர் இறைக்கப் போய்விட்டார். நான் அச்சாபீஸுக்குப் போய், "கமிட்டியில தீர்மானம் மாறிடிச்சி" என்று முதலாளியிடம் புளுகினேன். உடனே கோக்க ஆள் இல்லை. அச்சாபீஸில் ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் வருகிற நோட்டீஸைப் பிரித்துப் போட மாட்டார்கள், கோத்தது கோத்தபடி கயிறு கட்டி வைத்திருப்பார்கள், அதற்குப் பாரம் என்று பெயர். அடுத்த வருஷம் நாலு வரியை மாற்றினால் தீர்ந்தது. ஆடிக் கிருத்திகை நோட்டீஸ் அப்படித் தயாராக இருந்தது. சுற்றிலும் மயில் பார்டர், நடுவே பிரமுகர்கள் பெயர். முதலாளியே தலைப்பை 'வெள்ள நிவாரணம்' என்று மாற்றினார், இடத்துக்கு அந்தக் குடியிருப்பின் பெயரைப் போட்டார், தலைவர் பெயரும் என் பெயரும் ஏறின. புரூஃப் கொடுத்தார். பார்த்தேன். என் பெயர் இருந்த வரியை மூன்று தடவை பார்த்தேன். மற்ற வரியை அந்த மயில்களாவது பார்த்திருக்குமோ என்னவோ, நான் பார்க்கவில்லை.

சந்தை நாள் மத்தியானம் புளியமரத்தடியில் காக்காய்கூட இல்லை. ஜனங்கள் பொருளை நேராகக் குடியிருப்புக்கே கொண்டு போய்விட்டார்கள் போலிருக்கிறது என்று தலைவரும் நானும் வில்வண்டியில் கிளம்பினோம். வழியெல்லாம் ஒரே கூட்டம். மாட்டு வண்டியில் சிலர், கால்நடையாகப் பலர், தோளில் குழந்தை, மடியில் பொரிகடலை. "பாத்தீங்களா, நோட்டீஸோட சக்திய!" என்றேன் தலைவரிடம். சொன்னேனே, சொன்னேனே அப்படி!

போய் இறங்கினால், நனைந்த பாவு நூலை வேலியில் காயப்போட்டுக்கொண்டிருந்த நெசவாளர்கள் மலைத்துப்போய் நிற்கிறார்கள். எதிரே திருவிழாக் கூட்டம். பட்டுக்கரை வேட்டி கட்டிய ஒருவர் குடும்பத்தோடு முன்னால் வந்து, பெரியெழுத்தின் அக்காவிடம் கேட்டார்.

"யம்மா, வாணம் எங்க வுடுவாங்க? குந்தி பாக்க எடம் கீதா?"

அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. வந்தவர் விருந்தாளி என்பது மட்டும் புரிந்தது. கையிலிருந்த ஈரநூலைக் கீழே வைத்தாள், வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே பாயை உதறி விரித்தாள். "குந்துங்க. தண்ணி கொண்டாறன்" என்றாள்.

அப்போதுதான் அவர் கையிலிருந்த நோட்டீஸை வாங்கி முழுசாகப் படித்தேன். என் பெயருக்கு நேர் கீழே இருந்தது: 'அனைவரும் குடும்ப சகிதம் வந்து கண்டுகளித்து இன்புறக் கோருகிறோம். மாலை ஆறு மணிக்கு வாணவேடிக்கை உண்டு.'

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். அங்கே ஏற்கெனவே பன்னிரண்டு குழி இருந்தது, அதிலாவது நான் விழுந்திருக்கலாம்.

அக்கா வீட்டுக் குழியிலிருந்து இடுப்புவரை சேற்றோடு பெரியெழுத்து ஏறி வந்தார். தாளை வாங்கினார். அவர் கோத்த ஆடிக் கிருத்திகை ஆயிற்றே, ஒரே பார்வையில் நடந்தது அத்தனையும் விளங்கிவிட்டது. என்னைப் பார்த்தார். நான் தலைவர் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், அது பரவியது. பெரியெழுத்து குரலை எடுத்தார்.

"வாணம் நனஞ்சி பூட்ச்சி நைனா! மன்னிச்சிக்கோங்க! வந்தது வந்துட்டீங்க, ஆளுக்கு பத்து பானை தண்ணி எறச்சி ஊத்திட்டு போங்க, புண்ணியமா போவும்!"

பாதிப் பேர் திட்டிக்கொண்டே திரும்பினார்கள். பாதிப் பேர் வெட்கத்தோடு வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினார்கள். பட்டுக்கரைக்காரரும் இறங்கினார். பொழுது சாய்வதற்குள் நாலு குழி காலியாயிற்று. ஆனால் அந்தச் சிரிப்பு காலியாகவில்லை. மறுநாள் காலை ரயிலில் ஐந்து குடும்பம் பட்டணத்துக்குப் போய்விட்டது. "எங்க கஷ்டத்த வேடிக்க பாக்க கூப்ட்டாங்களே" என்று சொல்லிக்கொண்டே அந்த ஐந்தில் ஒருத்தியாக அக்காவும் போய்விட்டாள்.

கமிட்டி கூடியது. தலைவர் மேஜையைத் தட்டினார். "எவன் செஞ்ச வேல இது?" முதலாளி உத்தரத்தைப் பார்த்தார். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். வாசற்படியில் நின்ற பெரியெழுத்து, "நாந்தாங்க. அவசரத்துல பழைய பாரத்த எடுத்துட்டன்" என்றார். தலைவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். இவர் "ஆங், ஆங்" என்று கேட்டுக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. 

வெளியே வந்ததும் பெரியெழுத்தின் கையைப் பிடித்தேன். "ஏன்யா அப்படிச் சொன்ன?"

"நூலு ரேஷன்ல கீது, பர்மிட்டு வாங்கணும் சார். பட்டணத்துல ஆபீசருங்க கிட்ட நீங்கதான் போயி பேசணும். உங்க மூஞ்சி கெட்டா நூலு வராது. எம்மூஞ்சி கெட்டா இன்னா? மை பூசின மூஞ்சிதான?" கையை விடுவித்துக்கொண்டார். "ஏழு குடும்பம் இன்னும் அங்கதான் கீது. போயி வாங்கிகினு வாங்க."

போனேன். எத்தனை தடவை போனேன், எத்தனை படிக்கட்டில் உட்கார்ந்தேன் என்று சொல்லிப் பெருமை தேடிக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை. நூல் வந்தது, கார்த்திகை முடிந்து பத்து நாள் கழித்து. இதற்கிடையில் ஊர் அவருக்குப் பெயரை மாற்றிவிட்டது. தெருவில் போனால் "யோவ் வாணவேடிக்கை!" என்பார்கள். "ஆங், இன்னா?" என்று அதற்கும் திரும்பிப் பார்ப்பார்.

போனவர்களுக்குக் கடிதம் போட்டோம். மூன்று குடும்பம் திரும்பி வருவதாகப் பதில் போட்டது. இரண்டு குடும்பம் வரவேயில்லை, எங்கே போயிற்றென்றும் தெரியவில்லை. நூல் வாங்கி வந்ததற்கு எனக்கு மலையடியில் ஒரு பாராட்டு விழா நடத்தினார்கள். ரோஜாமாலை போட்டார்கள். முன்வரிசையில் நின்று பலமாகக் கைதட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? அவரேதான்.

கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்தார். "சார், அந்த மாலய குடுப்பீங்களா? அக்கா நாளைக்கு ரயில்ல வருது. ஸ்டேஷன்ல போட்டா சந்தோசப்படும்." கழற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். எல்லாவற்றையும் அந்த அம்மாளிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். ரயில் வந்தது. இறங்கியவள் கழுத்தில் வாடின மாலையைப் போட்டார். "இன்னாடா இது கூத்து! யாரு குடுத்தாங்க?" என்றாள் அவள். "செகரட்டரி சாரு குடுத்தாரு. ரொம்ப நல்ல மனுசன்க்கா" என்றார். எனக்குக் கும்பிடு போட அவள் கண்ணால் தேடினாள். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. கூட்டத்திடம் வாணம் நனைந்துவிட்டது என்றதை விட்டால், எனக்குத் தெரிந்து அந்த மனிதர் தம் ஆயுளில் இரண்டே பொய்தான் சொன்னார். இரண்டும் எனக்காக.